மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எல்லோரும் அவரை ஆயிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மேலங்கியின் வலது பையில் நீண்ட மூக்குள்ள எண்ணெய்க் குப்பி எப்போதும் இருக்கும். எத்தனை முறை துவைத்தாலும் அந்தப் பையைச் சுற்றியிருந்த கறை போகாது. சம்பளப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ‘உதவியாளர்’ என்று இருந்தது. பத்தொன்பது வருடமாக அப்படித்தான் இருந்தது.

நான் அப்போது தொழிலாளர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். ஆய்வாளர் எங்கே போனாலும் குறிப்பேட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போவது, வந்து அறிக்கை தட்டுவது என் வேலை. அப்படித்தான் அக்காவைத் தெரியும். இங்கே நான் எழுதுவதில் பாதி நேரில் பார்த்தது. மீதி, பின்னாளில் அவரே சொன்னது.

தொழிற்சாலை ஒன்றும் பெரியதில்லை. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, உள்ளே ஏழு மெஷின்கள். ஒரு முனையில் பழுப்புக் காகிதம் போகும். பசை பூசி, மடிப்புத் தடம் போட்டு, வெட்டி, மறுமுனையில் தட்டைப் பெட்டியாக வந்து விழும். மெஷினுக்கு ஒரு ஆபரேட்டர். ஏழு பேரும் ஆண்கள். கூடவே ஒன்றோ இரண்டோ உதவியாளர்கள்; பதினோரு பேரும் பெண்கள். ஆபரேட்டரின் சம்பளம் உதவியாளரின் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு.

அக்காவின் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை செய்தார். அக்கா சேர்ந்து இரண்டு வருடம் கழித்து, அவருக்கு வேறு இடத்தில் வேலை போயிருந்த சமயம், அக்காதான் மேனேஜரிடம் சொல்லி அவரைச் சேர்த்துவிட்டார். ஆறு மாதம் அக்காவிடமே மெஷின் பழகினார். ஏழாவது மாதம் அவர் ஆபரேட்டர். அக்கா அவருடைய உதவியாளர்.

“அம்மாவுக்கு ரெண்டு மேனேஜர். ஒருத்தர் ஃபேக்டரில, ஒருத்தர் வீட்ல” என்று மகள் கிண்டல் பண்ணுவாளாம். வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிப்பாராம். மோசமான மனிதர் இல்லை. யார் மனமும் நோகாமல் காலத்தை ஓட்டிவிட வேண்டும் என்று நினைக்கிற ரகம்.

ஆபரேட்டர் இடம் காலியானபோதெல்லாம் அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று முறை. மூன்று முறையும் மேனேஜர் அவரை வாசல் பக்கம் கூட்டிப்போய், சுவரில் அடித்திருந்த தகரப் பலகையைக் காட்டினார். பழைய பாதுகாப்புச் சட்டத்திலிருந்து எடுத்து எழுதிய வரி: ‘ஓடும் இயந்திரத்தின் அசையும் பகுதிகளைத் துடைக்கவோ எண்ணெயிடவோ எந்தப் பெண்ணையும் அனுமதிக்கலாகாது.’

“பாத்தியாம்மா? ஆபரேட்டர்னா மெஷினுக்கு எண்ணெய் போடணும். உன்னைப் போடக் கூடாதுன்னு சட்டமே சொல்லுது. நான் என்ன பண்ண முடியும்? எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்.”

அதை என்னிடம் சொன்னபோது அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. “அப்ப குப்பி என் பையிலதான் இருந்துச்சு. அவரும் பாத்தாரு, நானும் பாத்தேன். ரெண்டு பேரும் பாக்காத மாதிரி வந்துட்டோம்.”

ஏனென்றால் எண்ணெய் போட்டதும், பசை வழிவதைத் துடைத்ததும், சிக்கிய தாளை உருவியதும் அந்தப் பதினோரு பெண்கள்தான். மெஷினை நிறுத்திச் செய்ய நேரம் கிடையாது. ஓட ஓடத்தான் செய்ய வேண்டும். ஆபரேட்டர் தாள் உள்ளே போகிற முனையில் பட்டன்களுக்குப் பக்கத்தில் நிற்பார். மெஷினின் மற்ற உடம்பு முழுவதும் பெண்கள் பொறுப்பு. ஆனால் அதற்கு ஒரு பெயரும் இல்லை, எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பசை மெஷினில் வேலை செய்த பெண்ணின் கை உருளைக்குள் போய்விட்டது. இருபத்திரண்டு வயது. பதினோரு பேரில் இளையவள் என்பதால் சின்னவள் என்று கூப்பிடுவார்கள். உருளையில் உறைந்த பசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி சிக்கியது, துணியோடு கையும் போனது. அக்கா இரண்டு மெஷின் தள்ளி நின்றார். சத்தம் மாறியதை வைத்தே என்னவோ ஆகிவிட்டது என்று தெரிந்து, ஓடிவந்து நிறுத்தும் பட்டனை அடித்தது அவர்தான். இரண்டு விரல்கள் போய்விட்டன.

விபத்து அறிக்கை மறுநாளே எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. மேனேஜர் நன்றாக எழுதக்கூடியவர். ‘மேற்படி உதவியாளர், விதிகளால் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள், யாருடைய உத்தரவும் இன்றி, தன்னிச்சையாகக் கையை விட்டார்.’ கூடவே ஏழு ஆபரேட்டர்களும் கையெழுத்திட்ட வாக்குமூலம்: உதவியாளர்கள் இயந்திரத்தைத் தொடுவதே இல்லை, தாள் அடுக்குவதும் தரை கூட்டுவதும்தான் அவர்கள் வேலை. தப்பு தொழிலாளியுடையது என்றாகிவிட்டால் நஷ்ட ஈடு பெரும்பாலும் கிடைக்காது. ஆய்வாளர் படித்தார். கோப்பில் போடச் சொன்னார். நானும் துளை போட்டு, கயிறு கோத்து வைத்துவிட்டேன். அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொழிற்சாலையின் வார விடுமுறை நாளில் அக்கா வந்தார். மனு வாங்குகிற ஜன்னலுக்கு முன்னால் நின்று, “அந்தப் பொண்ணு விஷயமா வந்திருக்கேன்” என்றார்.

“நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

“ஒண்ணும் இல்ல. கூட வேலை பாக்கறவ. அவ தானா கைய விடலம்மா. நாங்க பதினோரு பேரும் தினமும் விடறோம். விடச் சொல்லித்தான் விடறோம்.”

நான் தயங்கினேன். “இதை எழுதிக் குடுத்தா உங்களுக்கே சிக்கல். சட்டம் கூடாதுன்னு சொன்னதைப் பத்தொன்பது வருஷம் செஞ்சேன்னு நீங்களே ஒத்துக்கறா மாதிரி ஆயிடும்.”

“தெரியும். பேப்பரைக் குடுங்க.”

ஆய்வாளர் அவரை உள்ளே கூப்பிட்டார். ஆய்வாளர் நிதானமான மனிதர். காகிதத்தில் இருப்பதைத்தான் நம்புவார். கோப்பை விரித்து அவர் முன்னால் திருப்பி வைத்தார். “நீங்க சொல்றது ஒண்ணு. இதுல ஏழு பேர் சொல்றது வேற. நான் எதை எடுத்துக்கறது?”

அக்கா வாக்குமூலத்தை விரல் வைத்துப் படித்தார். கடைசிக்கு முந்தைய கையெழுத்தில் விரல் நின்றது.

“இது எங்க வீட்டுக்காரர் கையெழுத்து” என்றார்.

ஆய்வாளர் கோப்பை மூடப் பார்த்தார். அக்கா விடவில்லை. முழுதாகப் படித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். “நாளைக்கு வரேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை வீட்டில் நடந்ததை நான் பிறகு கேட்டேன். வீட்டுக்காரர் சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாராம். அக்கா நேராகக் கேட்டார்.

“கையெழுத்து போட்டீங்களா?”

அவர் திரும்பவில்லை. “எல்லாரும் போட்டாங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ போட விட்டிருக்க மாட்ட.” சட்டையைக் கொடியில் நேராக்கிக்கொண்டே, “போடலைன்னா ரெண்டு பேருக்கும் சேத்து வேலை போயிடும்னு மேனேஜர் சாடையாச் சொன்னாரு. பொண்ணு படிக்கறா. நான் என்ன பண்றது சொல்லு?”

“பயந்து போட்டீங்க. அது எனக்குப் புரியுது. ஆனா அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா? நான் இத்தனை வருஷமா உங்க பக்கத்துல சும்மா நின்னேன்னு எழுதியிருக்கு.”

அந்த வீட்டில் சத்தம் போட்டுச் சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் பரவாயில்லை என்றார் அக்கா. சாப்பாடு, தண்ணீர் மோட்டார், மகளின் பள்ளிக்கூடம் என்று தேவைக்கு மட்டும் பேச்சு என்று ஆகிவிட்டது.

மறுநாள் வேலை முடிந்து, சொன்ன மாதிரியே அக்கா வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே பேச ஆரம்பித்தார்.

“சார், நான் சொல்றதை நம்ப வேணாம். மேனேஜர் எழுதிக் குடுத்திருக்காரே, அதை ஒரு நாள் அப்படியே நடத்திக் காட்டச் சொல்லுங்க. நாங்க மெஷினைத் தொடறதே இல்லைன்னுதானே எழுதியிருக்காரு? ஒரு நாள் தொடாம இருக்கோம். தாள் அடுக்கறோம், தரை கூட்டறோம். நீங்க வந்து உக்காந்து பாருங்க.”

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். “மெஷின் எல்லாம் நல்லபடியா ஓடிட்டா?”

“ஓடிட்டா நான் சொன்னது பொய்னு எழுதிக்கங்க.”

அடுத்த புதன்கிழமை ஆய்வு என்று அறிவிப்பு அனுப்பினோம். எழுத்தில் கொடுத்த வேலைப் பிரிவினைப்படியே அன்று வேலை நடக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார் ஆய்வாளர். மேனேஜரால் மறுக்க முடியவில்லை. அவருடைய சொந்த எழுத்து அது. செவ்வாய்க்கிழமை மாலையே ஏழு மெஷின்களுக்கும் ஆபரேட்டர்களை விட்டு எண்ணெய் குடிக்கக் குடிக்க ஊற்ற வைத்துவிட்டார். ஒவ்வொரு மெஷினையும் சுற்றி, இரண்டடி தள்ளி, மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. உதவியாளர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

காலை எட்டு மணிக்கு மெஷின்கள் ஓடத் தொடங்கின. நானும் ஆய்வாளரும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்தோம். மேனேஜர் எங்களுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். பெண்கள் தாள் அடுக்கினார்கள், தரை கூட்டினார்கள். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார்கள். முதல் முக்கால் மணி நேரம் ஒரு பிரச்சினையும் இல்லை. மேனேஜர் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

ஒன்பது மணிக்கு முன்பே பசை கெட்டியாகத் தொடங்கியது. வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பெண் குச்சியைத் தொட்டியில் விட்டுத் தூக்கி, பசை சொட்டும் வேகத்தைப் பார்த்துத் தண்ணீர் சேர்ப்பாள். அன்று குச்சி சுவரில் சாய்ந்திருந்தது. பசை திட்டுத்திட்டாகப் போய், அட்டைகள் வாய் பிளந்துகொண்டு வெளியே வந்தன. ஆபரேட்டர் தொட்டிக்கு ஓடினார். அதற்குள் இந்த முனையில் தாள் கோணலாக ஏறிவிட்டது. ஒன்பது பத்துக்கு முதல் மெஷின் நின்றது. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்தது வெட்டு மெஷின். கழிவுத் துண்டுகளை உருவி எடுக்க ஆள் இல்லாமல் கத்திக்கு அடியில் மலையாகச் சேர்ந்து அடைத்துக்கொண்டது. மூன்றாவதில் சங்கிலி கழன்றது. நான்காவது ஏன் நின்றது என்று அதன் ஆபரேட்டருக்கே தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

பத்தரை மணிக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு மெஷின். அக்காவின் வீட்டுக்காரருடையது. மற்ற ஆபரேட்டர்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். அக்காவிடம் பழகியவர் அல்லவா? எங்கே எண்ணெய் போட வேண்டும், எப்போது உருளையின் இடைவெளியைத் தளர்த்த வேண்டும், எல்லாம் அறிவார். ஆனால் தாள் ஏறுகிற முனைக்கும் எண்ணெய்த் துளைகளுக்கும் நடுவே இருபதடி. இங்கே தாளை நேராக்கிவிட்டு அங்கே ஓடுவார்; அங்கே துடைத்துவிட்டு இங்கே ஓடி வருவார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கொட்டகையில் எல்லோரும் வேலையை விட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கோட்டுக்கு வெளியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மெஷினின் நடுவிலிருந்து மெல்லிய கீச்சொலி ஒன்று கிளம்பியது. எனக்கு முதலில் கேட்கவில்லை. அக்காவின் கழுத்து திரும்பியதைப் பார்த்த பிறகுதான் கேட்டது. ஒலி கூடக்கூட அவர் கை பையை நோக்கிப் போனது. கால் ஒரு அடி எடுத்துவைத்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் மேலங்கியைப் பிடித்து இழுத்து, “அக்கா, வேணாம்” என்றாள்.

“பேரிங் எரிஞ்சிடும்டி.”

“எரியட்டும்.”

அக்கா காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். அந்த நாளில் தனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது அதுதான் என்று பிறகு சொன்னார். புருஷன் கையெழுத்தைப் பார்த்ததைவிடவா என்று கேட்டேன். “அது வேற கஷ்டம். இது, பெத்த குழந்தை அழும்போது தூக்காம நிக்கறா மாதிரி” என்றார்.

வீட்டுக்காரர் தாள் முனையில் இருந்தார். கீச்சொலி அலறலாக மாறியது. அங்கே ஓட இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். திரும்பி அக்காவைப் பார்த்தார். பிறகு சிவப்புப் பட்டனை அழுத்தினார். கொட்டகை முழுவதும் அமைதியாகிவிட்டது. கூரைத் தகரம் வெயிலில் படபடக்கிற ஓசை மட்டும் கேட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். மேனேஜர் பக்கம் பார்க்கவே இல்லை.

“சார், நான் ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டிருக்கேன். அதைத் திருப்பித் தர முடியுமா?”

“கோப்புல சேந்த பேப்பரைத் தர முடியாது” என்றார் ஆய்வாளர். “வேணும்னா இன்னொண்ணு எழுதிக் குடுக்கலாம்.”

“எழுதறேன்.”

என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். நின்றபடியே, மெஷின் மேலேயே வைத்து எழுதினார். நாலு வரிதான். அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு ஆபரேட்டர்கள் வந்து தாள் கேட்டார்கள். மற்ற நால்வரும் வரவில்லை.

அன்று மாலை அறிக்கையை நான்தான் எழுதினேன். ஆய்வாளர் குறிப்புகளைச் சொல்வார், வாக்கியமாக்குவது எப்போதும் நான். சில நாள் கழித்து நகல் வாங்க வந்த அக்கா அதை முழுதும் படித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கீங்க. உங்க பதவி என்னம்மா?” என்று கேட்டார்.

“தட்டச்சர்.”

“தட்டறவங்களா? இதை எழுதினது யாரு?”

நான் முத்திரையை எடுத்துக் குத்தினேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

உத்தரவு வர எட்டு மாதம் ஆனது. மூன்று விஷயங்கள் அதில் இருந்தன. சின்னவளுக்கு முழு நஷ்ட ஈடு. ஓடும் மெஷினில் பெண் மட்டுமல்ல, ஆணும் கைவைக்கக் கூடாது. நிறுத்திவிட்டுத்தான் எண்ணெய், உருளைகளுக்குக் கம்பி வலை மூடி கட்டாயம். ஆபரேட்டர் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் உட்காரலாம். பதவியை முடிவு செய்வது உண்மையில் செய்கிற வேலை. பழைய தகரப் பலகையைக் கழற்றச் சொல்லியும் ஒரு குறிப்பு.

சின்னவள் வேலைக்குத் திரும்பவில்லை. “மெஷின் சத்தம் கேட்டாலே கை தானா மடங்கிக்குதுக்கா” என்றாள். இப்போது ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள்.

தேர்வுக்கு அக்காவையும் சேர்த்து ஐந்து பெண்கள் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு நாற்பத்து நாலு வயது. தேர்வாளர் மெஷினின் நடுவில் உருண்டையாக இருந்த ஒரு பாகத்தைத் தொட்டு, “இதுக்குப் பேர் என்ன?” என்றார். அக்கா விழித்தார்.

“எங்களுக்குள்ள இதைக் கிழவன்னு சொல்லுவோம் சார்.”

“என்னது?”

“எண்ணெய் கொஞ்சம் குறைஞ்சாலும் முனக ஆரம்பிச்சிடும் சார். காலைல ஒரு முனகல், மழை நாள்ல ஒரு முனகல். எந்த முனகலுக்கு என்ன பண்ணணும்னு கேளுங்க, சொல்றேன்.”

தேர்வாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேட்டார். அக்கா சொன்னது இரண்டு பக்கம் வந்தது. ஐந்து பேரில் நால்வர் தேறினார்கள், அக்கா முதலாவது. வீட்டுக்காரருக்கு அடுத்த மெஷினிலேயே இரண்டாவது ஆபரேட்டர் ஆனார். கோபம் போய்விட்டதா என்று ஒருநாள் கேட்டேன். “பாதி போச்சு. அவர் அன்னிக்கு எல்லார் முன்னாடியும் எழுதினாரே, அதுல பாதி போச்சு. மீதி இருந்துட்டுப் போகட்டும். எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டா அப்புறம் ஞாபகம் இருக்காது” என்றார்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் மேனேஜர் சும்மா இருக்கவில்லை. இனி உதவியாளரே தேவையில்லை என்று சொல்லி, தேர்வுக்கு உட்காராத ஐந்து பெண்களையும், தேறாத ஒருத்தியையும், பெட்டிகளைக் கட்டாகக் கட்டுகிற பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார். உத்தரவில் அதைத் தடுக்கிற வரி ஒன்றும் இல்லை. பேக்கிங்கில் ஏற்கெனவே இருந்த நால்வரும் பெண்கள். ஆண் ஒருவர்கூடக் கிடையாது. பதவியின் பெயர் ‘இலகு பணியாளர்’. சம்பளம் உதவியாளரைவிடவும் கீழே.

மாற்றப்பட்டவர்களில் ஒருத்தி, அன்று மேலங்கியைப் பிடித்து இழுத்தாளே அவள், சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: “உனக்குப் பட்டம் வந்துச்சுக்கா, எங்களுக்குப் பெட்டி வந்துச்சு.”

அக்கா டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் பேக்கிங் பக்கம் தலைகாட்டவில்லை. அதன் பிறகு எங்கள் அலுவலக ஜன்னலுக்கு முன்னால் மறுபடியும் வந்து நின்றார்.

“சட்டத்துல ‘ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்’னு இருக்கு. சரி. பேக்கிங்ல ஆம்பளையே இல்ல. அப்ப அவங்களை யாரோட ஒப்பிட்டுப் பாக்கறது?”

ஆய்வாளர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு எழுந்து போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து திருத்தச் சட்டப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். ‘ஒரே வேலை அல்லது சம மதிப்புள்ள வேலை’ என்று இருந்தது. வேலை வேறாக இருந்தாலும் அதற்குத் தேவையான திறமையும் உழைப்பும் பொறுப்பும் சமமாக இருந்தால், கூலியும் சமமாக இருக்க வேண்டும். சட்டம் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் யாரும் அதன்படி ஒரு மனுகூட வாங்கியதில்லை.

“கிடங்குல லோடு தூக்கறவங்க எல்லாம் ஆம்பளைங்கதானே?” என்று கேட்டார் ஆய்வாளர்.

“ஆமா சார். அது கனமான வேலைன்னு சொல்லித்தான் கூட சம்பளம்.”

“எவ்வளவு கனம்?”

அக்காவுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. அதுவரை யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

மறுவாரம் கிடங்கிலிருந்த தராசைப் பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். ஒரு கட்டு ஒன்பது கிலோ. பெண்கள் அதை மேசையில் கட்டி, தூக்கி, தள்ளுவண்டியில் வைக்கிறார்கள். ஒருமுறைக்கு ஒரே கட்டுதான். பார்க்க லேசாகத்தான் இருக்கும். லோடு தூக்குகிறவர் ஒரு நடைக்கு நாலு கட்டு சுமப்பார். பார்க்கவே மூச்சு வாங்கும். காலையிலிருந்து மாலைவரை நான் ஒரு பக்கம் கோடு போட்டேன், அக்காவின் மகள் விடுமுறையில் வந்து மறுபக்கம் கோடு போட்டாள். ஒரு ஆண் நாள் முழுதும் தூக்கியது நானூற்று எண்பது கட்டு. ஒரு பெண் தூக்கியது அறுநூறு.

கோடுகளைக் கூட்டிச் சொன்னபோது லோடுமேன் ஒருவர் நம்ப மறுத்தார். “எங்கயோ தப்பு இருக்கு” என்று தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்துவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணிடம், “நாள் முழுக்க இடுப்பு வலிக்குமே உங்களுக்கு?” என்றார். “உங்களுக்கு இல்லையா?” என்று கேட்டாள் அவள். இருவரும் சிரித்தார்கள்.

அந்த மனு பதினாலு மாதம் நடந்தது. மேனேஜர் ஒரு வக்கீலை வைத்தார். பெண்கள் தூக்குவது தனித்தனிக் கட்டு என்பதால் அது தூக்குதல் ஆகாது, ‘நகர்த்துதல்’ என்று அவர் வாதாடினார். அதையும் நான்தான் தட்டினேன். கடைசியில் உத்தரவு வந்தது. ‘இலகு பணியாளர்’ என்ற பெயரை நீக்கி, பேக்கிங்கைக் கிடங்கு வேலையின் தரத்தில் சேர்க்கச் சொன்னது.

நகலை எடுத்துக்கொண்டு நானே போனேன். சாப்பாட்டு நேரம். பத்துப் பெண்களும் பேக்கிங் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் தன் டப்பாவோடு அங்கே வந்திருந்தார். பெட்டி வந்துச்சு என்று சொன்னவள்தான் கையை நீட்டி வாங்கினாள். வாய்விட்டுப் படித்தாள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், ஒருத்தி கைதட்டினாள். படித்தவள் மட்டும் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

“இது எந்தத் தேதிலேர்ந்து?” என்று கேட்டாள்.

அக்கா எட்டிப் பார்த்தார். “இன்னிலேர்ந்து.”

“அப்ப போன பதினாலு மாசம்? அப்ப மட்டும் கட்டு தானா நகர்ந்துச்சா?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அதுக்கு வேற படிவம் இருக்கு” என்றேன்.